முகம் பார்த்துப் பேசும்படி ஒரு கூடத்தை அமைப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள், மாலையில் எல்லோரும் ஒரே கூடத்தில்தான் அமர்கிறார்கள், ஆயினும் பேச்சு இல்லை. தொலைக்காட்சி ஓடினால் அதைப் பார்க்கிறார்கள், ஓடாவிட்டால் ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்துக்கொள்கிறார்கள். தொலைக்காட்சியை வீட்டைவிட்டே அகற்றாமல், பேசுவதற்கும் திரையில்லாமல் ஓய்வெடுப்பதற்கும் ஏற்றபடி இந்த அறையை மாற்ற முடியுமா?

முடியும் என்பதே என் பதில். வீடுகளின் உள்ளமைப்பைப் பல ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்துவருகிறேன். இதே கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் குடும்பத்தாரைத்தான் குறை சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பேச்சில் நாட்டமில்லை என்றோ, பெரியவர்கள் தொலைக்காட்சியை விட்டு எழுவதில்லை என்றோ வருந்துகிறார்கள். அவர்களுடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், யாருக்கும் யாருடைய முகமும் தெரியாதபடி நாற்காலிகள் கிடக்கும். பேச விரும்பும் மனிதர்களைக்கூட அந்த அறை பேசவிடாது. ஆகவே யாரையும் கட்டுப்படுத்தும் விதிகளை வகுப்பதற்கு முன்னால் இருக்கைகளை நகர்த்துங்கள். ஒருவர் ஓர் இருக்கையில் அமர்ந்தவுடன், கழுத்தை அதிகம் திருப்பாமலேயே, அவருடைய கண் தானாகப் போய் நிற்கும் இடத்தில் இன்னொருவரின் முகம் இருக்க வேண்டும். கீழே நான் சொல்லும் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

எதையும் நகர்த்துவதற்கு முன், கூடத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு இருக்கையிலும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். சாய்ந்து, கையைத் தளர விட்டு, வழக்கமாக உட்காருவதைப்போலவே உட்கார வேண்டும். நேர் எதிரே என்ன தெரிகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கூடங்களில் எல்லா வரியிலும் ஒரே விடைதான் வரும்: தொலைக்காட்சி. ஓரிரு இருக்கைகளிலிருந்து கதவோ, வெறும் சுவரோ தெரியலாம். இன்னொரு இருக்கை நேராகத் தெரிகிறது என்ற வரி ஒன்றுகூட வராது. திரையரங்குக்கு உரிய வரிசை அது. திரையரங்கில் பக்கத்தில் இருப்பவரோடு நாம் பேசிக்கொண்டிருப்பதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், கூடத்தில் பேச்சு இல்லாததில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது புரியும்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஓர் ஆய்வு உண்டு. 1950களில் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், முதிய பெண்கள் தங்கியிருந்த ஒரு மருத்துவமனைக் கூடம் புதுப்பிக்கப்பட்டது. புதிய நாற்காலிகள் வந்தன, சுவர்கள் பளிச்சென்று ஆயின. அங்கிருந்தவர்கள் மட்டும் முன்போலவே வாய் திறவாமல் அமர்ந்திருந்தார்கள். உளவியலாளர் ராபர்ட் சோமர் அங்கே கவனித்தது மிக எளிய ஒன்று: நாற்காலிகள் எல்லாம் சுவரை ஒட்டி, தோளோடு தோளாக, வரிசையாகப் போடப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துச் சிறிய சதுர மேசைகளைச் சுற்றி அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் போட்டார்கள். தொடக்கத்தில், சில மணி நேரத்துக்குள் நாற்காலிகள் மறுபடியும் சுவரோரம் போய்விட்டன; அங்கே அதுதான் ஒழுங்கு என்று எல்லோருக்கும் பழகியிருந்தது. புதிய அமைப்பு நிலைபெற்ற பிறகு கணக்கெடுத்தபோது, அங்கிருந்தவர்களுக்கிடையேயான பேச்சு ஏறக்குறைய இருமடங்கு ஆகியிருந்தது. அந்த ஆய்வு 1958-இல் வெளியானது. அதே மாகாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட், 1957-இல், ஆட்களை ஒருவரிடமிருந்து ஒருவர் விலக்கும் இடங்கள் என்றும் ஒருவரை ஒருவர் நோக்கி ஈர்க்கும் இடங்கள் என்றும் கட்டட அமைப்புகளை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். இரயில் நிலையத்துக் காத்திருப்புக் கூடம் முதல் வகை. நம் வீடுகளில் பலவும், நாம் அறியாமலேயே, அந்த வகையில்தான் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அந்தக் கதையில் எனக்கு மிகவும் பயன்படுவது நாற்காலிகள் சுவருக்குத் திரும்பிப் போன பகுதிதான். உங்கள் வீட்டிலும் அது நடக்கும். நடுவில் இடம் விட்டுச் சுவரோரமாக எல்லாவற்றையும் தள்ளிவைத்தால் கூடம் பெரிதாகத் தெரியும், தரையைத் துடைக்கவும் எளிது. அந்த வசதிக்காகப் பேச்சை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இருக்கைகளை எந்தக் கோணத்தில் போடுவது என்பதுதான் இதில் மிக முக்கியமானது. வரிசையாகப் போட்டால் பக்கத்தில் இருப்பவரின் காதுதான் தெரியும். முகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். நேர் எதிரெதிராகப் போட்டால், நேர்காணலுக்கு வந்தவரைப்போல, பார்வையைத் திருப்ப இடமில்லாமல் ஓர் இறுக்கம் வந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்டது, சதுர மேசையின் மூலையில் இருவர் பக்கத்துப் பக்கத்து ஓரங்களில் அமர்வதைப்போன்ற செங்கோண அமைப்பு. மேசைகளில் அமர்பவர்களைக் கவனித்தபோது, இப்படி மூலையைப் பகிர்ந்துகொண்டவர்களிடையேதான் பேச்சு அதிகம் நடப்பதைச் சோமர் கண்டார். காரணம் எளிது: அந்தக் கோணத்தில் முகத்தைப் பார்ப்பதும் பார்வையை விலக்கிக்கொள்வதும் ஒரே அளவுக்குச் சுலபம். மனம்விட்டுப் பேசும்போது நாம் தொடர்ந்து கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சற்றுப் பார்க்கிறோம், சன்னல் பக்கம் திரும்புகிறோம், சொல்லைத் தேடுகிறோம், மறுபடியும் பார்க்கிறோம். அந்தப் போக்குவரத்துக்கு இடம் கொடுக்கும் கோணம் அது.

என் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தந்தைக்கு வயதான பிறகு இடது காது மந்தமாகிவிட்டது. மூன்று பேர் அமரும் சோபாவின் வலது முனையில் அவர் உட்காருவார். வந்து பேசுபவர்கள் எல்லாம் அதே சோபாவில், அவருடைய இடப்பக்கத்தில், அதாவது கேட்காத காதின் பக்கத்தில் அமர்வார்கள். எதைச் சொன்னாலும் ‘ம்’ என்பார். அவருக்குப் பேச்சில் விருப்பம் குறைந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பிவிட்டோம். எத்தனையோ வீடுகளின் கூடங்களை மாற்றியமைத்த எனக்கு, அது கண்ணில் படவே வெகுநாள் ஆயிற்று. ஒருநாள் ஒரு பிரம்பு நாற்காலியைக் கொண்டுபோய், அவருடைய வலப்புறம், சோபாவின் கைப்பிடிக்கு முன்னால், சற்றுத் திரும்பினாற்போல் போட்டேன். அவருடைய முழங்காலுக்கும் என் முழங்காலுக்கும் இடையே ஒரு முழ இடைவெளி. நல்ல காது என் பக்கம் இருந்தது, என் உதடுகள் அசைவதும் அவருக்குத் தெரிந்தது. அன்று அவர் ‘ம்’ என்று நிறுத்தவில்லை, நான் பாதியில் விட்டுவிட்ட ஒரு செய்தியை, “அப்புறம் என்ன ஆயிற்று?” என்று கேட்டு முடிக்கச் சொன்னார். அந்த நாற்காலி அதன் பிறகு அங்கிருந்து நகரவே இல்லை. செவித்திறன் குறைந்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்தால், அவர்களுடைய நல்ல காது எந்தப் பக்கம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து அமைப்பைத் தொடங்குங்கள்.

அடுத்து இடைவெளி. எதிரெதிரே போடப்பட்ட இரண்டு சோபாக்களை வைத்துச் சோமர் சோதித்தபோது, தலைக்கும் தலைக்கும் இடையே ஏறத்தாழ 5.5 அடி வரை மக்கள் எதிரே அமரவே விரும்பினார்கள். அதற்கு மேல் தூரம் கூடியபோது பக்கத்தில் போய் அமர்ந்தார்கள். மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1960களில் வகுத்த அளவுகளில், 1.5 அடி முதல் 4 அடி வரை நெருக்கமானவர்களுக்கான தொலைவு, 4 அடி முதல் 12 அடி வரை பழகியவர்களுக்கும் பணிநிமித்தம் சந்திப்பவர்களுக்குமான தொலைவு. அவை அமெரிக்கர்களைக் கவனித்து எழுதப்பட்டவை. சமூகத்துக்குச் சமூகம் இவை மாறும் என்பதை வலியுறுத்தியவரும் அவரே. நடைமுறையில் நான் கைக்கொள்ளும் அளவு, ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு 4 முதல் 7 அடி. 10 அடியைத் தாண்டினால் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். குரலை உயர்த்திச் சொல்லக்கூடிய செய்திகள் வேறு, தாழ்த்திச் சொல்லக்கூடியவை வேறு. மனத்தில் கிடப்பவை எல்லாம் இரண்டாம் வகைதான்.

கூடம் மிகப் பெரிதாக இருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். பெரிய அறையின் நாலு சுவர்களையும் ஒட்டி இருக்கைகளைப் பரப்பாமல், அறையின் ஒரு பகுதியில் மட்டும், சுமார் 10 அடி விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் அவற்றைக் கூட்டிவையுங்கள். சோபாவின் முதுகு சுவரிலிருந்து விலகி நின்றால் குற்றமில்லை. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்தில் 1957-இல் கட்டிமுடிக்கப்பட்ட மில்லர் இல்லத்தில், கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் கூடத்தின் ஒரு பகுதியைச் சதுரமாகத் தாழ்த்தி, நாலாபுறமும் மெத்தையிட்டு, பேசுவதற்கென்றே ஒரு பள்ளத்தை அமைத்தார். தரையை வெட்டுமாறு நான் சொல்ல மாட்டேன். முதியவர்களும் தவழும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் படியில்லாத தரையே நல்லது. ஆயினும் பெரிய அறைக்குள் ஒரு சிறிய அறையை உண்டாக்கும் அந்தக் கருத்தை, ஒரு தரைவிரிப்பை விரித்தே நிறைவேற்றிக்கொள்ளலாம். எல்லா இருக்கைகளின் முன்னங்கால்களும் அந்த விரிப்பின்மேல் நின்றால், உட்காருபவர்கள் ஒரே இடத்தில் இருப்பதாக உணர்வார்கள்.

எத்தனை இருக்கை? ஒரே பேச்சில் நான்கு பேருக்கு மேல் சேர்ந்தால் அது இரண்டாகப் பிரிந்துவிடும் போக்கு உள்ளதை உளவியலாளர் ராபின் டன்பரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1995-இல் எழுதினார்கள். பத்துப் பேர் உட்காரும்படி ஒரு வட்டத்தை அமைத்தால் அது கூட்டமாகுமே தவிர உரையாடலாகாது. உங்கள் வீட்டில் ஐவர் என்பதால், ஒரு சோபா, அதற்குச் செங்கோணமாக இரண்டு நாற்காலிகள், ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய ஒரு முக்காலி ஆகியவை போதும். மூன்று பேர் சோபாவில் நடுவிடம் எப்போதும் காலியாகவே கிடப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்க யாருக்கும் விருப்பமில்லை. ஆகவே அதை இரண்டு பேருக்கான இருக்கையாகவே கணக்கிடுங்கள். கனமான, நகர்த்த முடியாத இருக்கைகளை விட இலேசான நாற்காலிகள் மேலானவை. பேச்சில் ஆர்வம் வந்தவர் நாற்காலியை நான்கு விரற்கடை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்தச் சிறிய இழுப்புக்கு அறை இடம் கொடுக்க வேண்டும்.

எல்லா இருக்கைகளின் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது நல்லது. 40 முதல் 45 செ.மீ. பொதுவாகப் பொருந்தும். முழங்கால் வலி உள்ளவருக்கு 45 முதல் 50 செ.மீ. உயரமும் உறுதியான கைப்பிடியும் வேண்டும். புதையும் சோபாவில் உட்கார்ந்தால் எழ முடியாது என்பதற்காகவே பேச்சை விட்டுத் தம் அறையில் கிடக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வட்டத்தை முழுவதுமாக மூடிவிடாமல், கதவை நோக்கி ஒரு திறப்பு விடுங்கள். தாமதமாக வருபவர் யாரையும் எழுப்பாமல் வந்து சேர்ந்துகொள்ளலாம். வீட்டுக்குள் நடக்கும் வழி வட்டத்தின் நடுவே போகக் கூடாது. பேசுகிற இருவருக்கிடையே மூன்றாமவர் கடந்து போய்க்கொண்டே இருந்தால் எந்தப் பேச்சும் நிலைக்காது. வழி இருக்கைகளுக்குப் பின்னால், சுமார் 3 அடி அகலத்தில் போகட்டும்.

நடுவில் ஒரு டீப்பாய் தேவை, இருக்கையின் உயரமோ அதைவிடச் சற்றுத் தாழ்ந்தோ இருக்கலாம். இருக்கையின் விளிம்பிலிருந்து 40 முதல் 45 செ.மீ. தள்ளியிருந்தால் காலை நீட்டவும் முடியும், கையில் இருக்கும் குவளையைக் குனியாமல் வைக்கவும் முடியும். கண்ணாடி மேற்பரப்பை நான் விரும்புவதில்லை. கைரேகைக்கும் கீறலுக்கும் அஞ்சி யாரும் அதில் ஒன்றையும் வைக்க மாட்டார்கள், வெற்று மேசை கையை அழைப்பதில்லை. பாதியில் நிற்கும் ஒரு சதுரங்க ஆட்டம், ஒரு சீட்டுக்கட்டு, ஒரு படப்புதிர் என ஏதாவது ஒன்று அதன்மேல் கிடக்கட்டும். கைக்கு ஒரு வேலை இருந்தால் நாவும் தளர்ந்துகொடுக்கும். பதின்பருவப் பிள்ளைகளிடம் இதை மிகத் தெளிவாகக் காணலாம். முகத்துக்கு நேரே கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவர்கள், புதிரின் துண்டைத் தேடிக்கொண்டே நாள் முழுவதையும் சொல்லிவிடுவார்கள்.

இனித் தொலைக்காட்சி. அதை அகற்ற வேண்டியதில்லை. அறையின் தலைமை இடத்திலிருந்து இறக்கினால் போதும். பிளக் பாயின்ட் எந்தச் சுவரில் இருக்கிறதோ அந்தச் சுவருக்குத் தொலைக்காட்சி போகிறது. அதைப் பார்த்துச் சோபா போகிறது. சோபாவைப் பார்த்து மற்றவை எல்லாம் போகின்றன. சுவரில் மின்கம்பி இழுத்தவர் என்றோ எடுத்த முடிவு இன்று நம் வீட்டுப் பேச்சை நிர்ணயிக்கிறது. அந்தச் சங்கிலியை அறுக்க மூன்று வழிகள் உண்டு. வேறொரு அறைக்கு அதை மாற்றுவது முதலாவது, இருப்பவற்றில் சிறந்தது. அறையிலேயே வைக்கவேண்டியிருந்தால், இருக்கை வட்டத்துக்குப் பக்கவாட்டுச் சுவரில், நாற்காலியைத் திருப்பினால் மட்டும் தெரியும்படி வைப்பது இரண்டாவது. இடத்தையே மாற்ற முடியாதவர்களுக்கு, கதவுள்ள அலமாரியோ திரைச்சீலையோ போட்டு மூடுவது மூன்றாவது. தொலைக்காட்சித் திரையை மூடுவது வெறும் அலங்காரமல்ல. அணைந்து கிடக்கும் கறுப்புத் திரை அறையில் மிகப் பெரிய கறுப்புப் பரப்பு. விளக்குகள் அதில் பிரதிபலிக்கும், கண் அங்கேயே போகும், ‘போடலாமா’ என்ற எண்ணம் பின்னாலேயே வரும். எழுந்து போய், கதவைத் திறந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்க்கும் நிகழ்ச்சி, உண்மையிலேயே பார்க்க விரும்பிய நிகழ்ச்சியாகத்தான் இருக்கும். அப்படி எல்லோரும் சேர்ந்து பார்ப்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

திரை போன இடத்தில் கண்ணுக்கு வேறு ஒன்று வேண்டும். குவியம் என்பதற்கு ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் வழங்கும் ‘ஃபோகஸ்’ என்ற சொல், இலத்தீனில் வீட்டின் அடுப்பங்கணப்பைக் குறித்தது. 1604-இல் யோகான்னஸ் கெப்ளர் அதை ஒளியியலுக்குக் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் வீட்டார் அனைவரும் சுற்றி அமர்ந்து, இடையிடையே பார்வையை ஓட்டிக்கொண்டு, பேசிய இடம் அது. நெருப்பும் திரையும் இரண்டுமே கண்ணை இழுப்பவைதான். ஆனால் நெருப்பு எதையும் சொல்வதில்லை, பேச்சில் குறுக்கிடுவதும் இல்லை. அப்படிப் பேசாத ஒன்று போதும்: மரங்கள் தெரியும் ஒரு சன்னல், உயரமான ஒரு செடித்தொட்டி, இலைகள் அசையும் நிழல் விழும் ஒரு சுவர், பார்க்கப் பார்க்கச் சலிக்காத ஓர் ஓவியம்.

கைப்பேசி இதைவிடக் கடினம், ஏனெனில் அது கையோடு வருகிறது. தடைவிதிக்கும் அட்டையைச் சுவரில் ஒட்டுவதால் பயன் விளைந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் கைப்பேசியை எதற்காக எடுக்கிறார் என்று ஒரு மாலை முழுவதும் கவனித்துப் பாருங்கள்: மணி பார்க்க, ஒரு சொல்லின் பொருளைப் பார்க்க, நினைவுக்கு வந்ததைக் குறித்துக்கொள்ள, ஒரு புகைப்படத்தைக் காட்ட, பாட்டுக் கேட்க. எடுத்த காரியம் பத்து விநாடியில் முடிந்துவிடும், கை மட்டும் கீழே இறங்காது. ஆகவே அந்தக் காரியங்களை ஒவ்வொன்றாக அறைக்குத் திருப்பிக் கொடுங்கள். எல்லா இருக்கையிலிருந்தும் தெரியும்படி ஒரு சுவர்க்கடிகாரம்; கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அகராதி; எழுதும் பேனாவோடு ஒரு குறிப்பேடு; அச்சிட்ட படங்கள் ஒட்டிய ஓர் ஆல்பம்; திரை இல்லாத ஒரு வானொலியோ பாட்டுக்கருவியோ. பிறகு, மின்னேற்றும் இடத்தைச் சோபாவின் பக்கத்திலிருந்து எடுத்து, வாசற்கதவுக்கு அருகில் ஒரு சிறு அலமாரித் தட்டுக்கு மாற்றுங்கள். அழைப்பு வந்தால் மணி கேட்கும், எழுந்து போய்ப் பேசிவிட்டு வரலாம். வீட்டின் பெரியவர்கள் முதலில் அங்கே வைத்தால்தான் பிள்ளைகளும் வைப்பார்கள். இதில் மட்டும் மரச்சாமான் உதவாது.

ஒலியைப் பற்றிப் பலரும் நினைப்பதே இல்லை. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேச்சு புரியாத அளவுக்கு எதிரொலித்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பணி இயற்பியலாளர் வாலஸ் சாபினிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே ஓர் ஒலி எழுந்தால் அடங்குவதற்கு 5 விநாடிக்கு மேல் பிடித்தது. அவர் இரவுநேரத்தில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து பரப்பி, மெத்தை கூடக்கூட ஒலி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று அளந்து, காலைக்குள் அவற்றைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். ஒலியை உறிஞ்சும் திறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த சன்னல். அதன் வழியே வெளியேறும் ஒலி திரும்பி வராதல்லவா! அவருடைய சூத்திரப்படி, 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள ஒரு வெற்று அறையில், சுவரும் தரையும் விழும் ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்கை மட்டுமே உறிஞ்சினால், ஒலி அடங்க 2 விநாடி ஆகும். வசதியாகப் பேசுவதற்கு அது 0.6 விநாடி அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கு 16 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்கு ஈடான உறிஞ்சும் பரப்பு தேவை. பளிங்குத் தரையும் கண்ணாடியும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் ஐவர் பேசினால் ஏன் இரைச்சலாகிறது என்பதற்கு இதுவே விடை.

ஆகவே கனத்த துணியில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரைச்சீலை, தடித்த விரிப்பு, துணி உறையிட்ட சோபா, திண்டுகள், புத்தகங்கள் நிறைந்த அலமாரி ஆகியவை அழகுக்காக மட்டும் அல்ல. புத்தகங்களைச் சீராக அடுக்காமல் முன்னும் பின்னுமாக வைத்தால் ஒலி சிதறவும் செய்யும். கடகடக்கும் மின்விசிறியைச் சரிசெய்யுங்கள். பின்னணியில் இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தம்மை அறியாமல் குரலை உயர்த்துகிறார்கள்; பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லோம்பார்ட் 1911-இல் விவரித்த இந்த இயல்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒருவர் உயர்த்த, மற்றவரும் உயர்த்த, பேச்சு சண்டையைப்போல் ஒலிக்கத் தொடங்கும். உண்மையில் அங்கே விசிறியோடுதான் சண்டை.

ஒளி விஷயத்தில் ஒரே ஒரு தவறு எங்கும் நடக்கிறது: கூரையின் நடுவில் ஒரு வெள்ளை விளக்கு. மேலிருந்து மட்டும் விழும் ஒளியில் புருவத்தின் நிழல் கண்குழியில் விழுகிறது. கண்ணில் ஓடும் உணர்ச்சி எதிரே இருப்பவருக்குத் தெரிவதில்லை. மாலையில் அதை அணைத்துவிட்டு, உட்கார்ந்திருப்பவரின் முகமட்டத்தில், அதாவது தரையிலிருந்து 1.1 மீட்டர் அளவில், உறையிட்ட இரண்டு மூன்று சிறு விளக்குகளை இருக்கை வட்டத்தின் ஓரங்களில் வையுங்கள். மஞ்சள் சாயல் உள்ள 2700 கெல்வின் விளக்கு பொருத்தமானது (கெல்வின் என்பது இங்கே ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் அளவு). 6500 கெல்வின் விளக்கில் நீல ஒளி மிகுதி. விழித்திரையில், பார்ப்பதற்கன்றி உடலுக்குப் பகலா இரவா என்று உணர்த்துவதற்கு உதவும் செல்கள், 480 நானோமீட்டர் அளவிலான அலைநீளமுள்ள நீல ஒளிக்கே மிகவும் எதிர்வினை காட்டுகின்றன. இரவு ஓய்வுக்கு அது உகந்ததல்ல. பகலில், சன்னலுக்கு முதுகு காட்டி யாரையும் உட்கார வைக்காதீர்கள். அவருடைய முகம் இருண்ட நிழலாகத்தான் தெரியும். சன்னல் எல்லோருக்கும் பக்கவாட்டில் இருப்பதே சிறந்தது.

இதுவரை சொன்னவை பேச்சுக்கு உரியவை. திரையில்லாத ஓய்வு என்றால் எப்போதும் பேசிக்கொண்டிருப்பது என்று பொருளல்ல. பலரும் இதை மறந்துவிட்டு அறையை அமைத்து, இரண்டாம் வாரமே சலித்துப்போய்ப் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். வட்டத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி, சன்னலோரமாக, ஒரு சாய்வு நாற்காலி தனியே இருக்கட்டும். அதில் அமர்பவர் பேச்சில் இல்லை, ஆனால் அறையில் இருக்கிறார். காதில் விழும் ஒரு சொல்லுக்குத் தலையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடியும் புத்தகத்துக்குத் திரும்பலாம். தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின்மேல் விழும்படி அதற்கென ஒரு விளக்கு வேண்டும். 60 வயதானவரின் விழித்திரையை அடையும் ஒளி 20 வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், வீட்டின் மூத்தவருக்கு அந்த விளக்கு நன்கு பிரகாசமாக இருக்கட்டும். தையல், வரைதல், இசைக்கருவி என்று யாருக்கு எது விருப்பமோ அது ஒரு திறந்த கூடையில், மூடியோ பூட்டோ இல்லாமல், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அலமாரிக்குள் போன பொருள் மறந்துபோன பொருள்தான். தரையில் நீட்டிப் படுக்க விரும்புபவர்களுக்காக விரிப்பின் ஒரு மூலையைக் காலியாக விடுங்கள்; பிள்ளைகள் முதலில் கைப்பற்றும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

கூடம் சிறியது, 10 அடிக்கு 10 அடிதான் என்பவர்கள் வருந்த வேண்டாம். பேச்சுக்கு உரிய தொலைவு அங்கே தானாகவே அமைந்திருக்கிறது. பெரிய சோபாவை எடுத்துவிட்டு நான்கு இலேசான நாற்காலிகளை இரண்டு மூலைகளில் செங்கோணமாகப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. ஆணி அடிக்க முடியாத வாடகை வீட்டிலும் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம்.

தொடங்கும்போது எதையும் வாங்காதீர்கள். பழைய செய்தித்தாள்களை இருக்கைகளின் அளவுக்கு வெட்டித் தரையில் பரப்பி, நடக்கும் வழியையும் திறப்பையும் பார்த்துக்கொண்டு, பிறகு பொருள்களை நகர்த்துங்கள். நகர்த்திய பின் முதலில் எழுதிய தாளை எடுத்து, ஒவ்வொரு இருக்கையிலும் மறுபடியும் அமர்ந்து, எதிரே தெரிவதைப் பழைய விடைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நாற்காலிக் கால்கள் நின்ற இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டு இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். யார் எங்கே இழுத்துப்போட்டாலும் திருத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்குப் பின் சுண்ணக்கட்டிக் கோட்டுக்கும் நாற்காலிக் காலுக்கும் இடையே எவ்வளவு தூரம், எந்தத் திசையில் என்று பாருங்கள். ஒரு நாற்காலி இன்னொன்றை நோக்கி நெருங்கியிருந்தால் அந்தப் புதிய இடமே அதன் இடம். சுவரை நோக்கி விலகியிருந்தால், அங்கே கண் கூசும் விளக்கோ, முதுகுக்குப் பின்னால் கதவோ, காலுக்கு இடம் கொடுக்காத டீப்பாயோ இருக்கும். அதைத் தேடிச் சரிசெய்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள்.